காடு ஏன் கருப்பாக இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்விட்சர்லாந்திலிருந்து கிறிஸ்தவ மதப்பணி செய்த பாசல் மிஷனின் காப்பக இணையதளத்தில் தங்கக் கடற்கரையின், அதாவது இன்றைய கானாவின், 19ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பார்த்தேன். காடெல்லாம் கரி பிடித்ததுபோல் இருக்கிறது. பல படங்களில் ஆள் நடமாட்டமே இல்லை. 'இருண்ட கண்டம்' என்று காட்டத்தான் பாதிரிமார்கள் வேண்டுமென்றே இப்படி எடுத்தார்களா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருட்டுக்குப் பெரும்பாலும் காரணம் ரசாயனம்தான். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும், பச்சை அதில் ஏறவே ஏறாது. அதனால் வானம் வெள்ளைத்தாளாக வெளுத்துவிடும், இலைகள் கருத்துவிடும். அதே தகட்டில் ஆல்ப்ஸ் மலைக்காட்டை எடுத்திருந்தாலும் கருப்பாகத்தான் வந்திருக்கும்.

ஆள் இல்லாததற்கும் பாதிக் காரணம் அதுவே. 1860களில் கொலோடியன் என்ற பசைபோன்ற ரசாயனக் கரைசல் பூசிய தகட்டை ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அந்த வெயிலில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கும்? பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் போட்டு, புட்டிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். லென்ஸ் பல நொடிகள் திறந்தே இருக்கும். அதற்குள் நடந்து கடந்தவர் தகட்டில் பதியவே மாட்டார். அத்தனை சாமானையும் தலையில் சுமந்து வந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பெரும்பாலும் அவர்கள் சட்டகத்துக்கு வெளியே நின்றார்கள்.

சரி, மீதிப் பாதி? அங்கே நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். எதன் முன் கேமராவை நிறுத்துவது என்பதை ரசாயனம் முடிவு செய்யவில்லை. அக்ரோபோங், அபுரி போன்ற மலையூர்களில் மிஷன் வளாகத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்: நேரான பாதை, வெள்ளைச் சுவர், வரிசையாக மரங்கள். ஊரார் வணங்கிய இலவமரத்தையும் எடுத்தார்கள், கீழே 'பேய் வழிபாட்டு மரம்' என்ற தொனியில் குறிப்பெழுதினார்கள். ஸ்விட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் காணிக்கை தருபவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டன, 'முன்பு' என்று ஒன்று, 'இப்போது' என்று ஒன்று. ஒரு ஊரின் சாமி மரத்தை அப்படிப் பயன்படுத்தியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஆனாலும் எல்லாரையும் ஒரே கட்டில் கட்டிவிட மனம் வரவில்லை. பாசல் மிஷன் பாதிரியார் ஃப்ரீட்ரிக் ராம்சேயரை, உள்நாட்டில் ஆண்ட அசாந்தே மக்கள் 1869இல் பிடித்து, 1874 வரை, பெரும்பாலும் தங்கள் தலைநகர் குமாசியில், சிறை வைத்திருந்தார்கள். பின்னாளில் கேமராவும் கையுமாக இருந்தவர் இவர். 1896இல் அதே குமாசிக்கு மிஷன் வேலையாகத் திரும்பிப் போனார். அவர் எடுத்த படங்களில் மனிதர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

அப்புறம், அக்ராவில் 1870களிலிருந்தே லுட்டரோட் குடும்பத்து ஆப்பிரிக்கப் புகைப்படக்காரர்கள் ஸ்டுடியோ நடத்தினார்கள். அவர்கள் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள்.

பழைய படங்களை மறுபடி திறந்தால், பாதையைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலவற்றில் புகைபோல ஒரு கறை இருக்கும். நில்லாமல் நடந்துபோன யாரோ ஒருவர் அது.

அன்புடன்