அதற்குள் மத்தியானம்

அன்புள்ள ஐயா,

நான் 11 வருடம் வேலை பார்த்த பிரிவை எங்கள் நிறுவனம் இழுத்து மூடிவிட்டது. ஐந்து மாதம் ஆகிறது. கையில் கொஞ்சம் பணம் இருப்பதால் உடனடி நெருக்கடி இல்லை. பழைய துறைக்கே திரும்புவதா, ரொம்ப நாள் ஆசைப்பட்ட ஆசிரியர் வேலைக்குப் படிப்பதா என்று தெரியாமல் திரிசங்கு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "எல்லாம் நல்லதுக்குத்தான், உங்களை நீங்களே தெரிந்துகொள்ள இதுதான் நேரம்" என்கிறார்கள். அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்து போனை எடுக்கிறேன், பொழுது போய்விடுகிறது. இவ்வளவு நேரம் இருந்தும் படிக்க நினைத்த புத்தகங்களில் ஒன்றைக்கூட முடிக்கவில்லை. இந்தக் காலத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா? நான் வளர்கிறேனா, தேங்கிப்போகிறேனா? "இப்போ என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் உடம்பு கூசுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன். அதை உங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பிப் பிழைத்தது. 1929, 30 வாக்கில் ஆலை மூடப்பட்டு, கிட்டத்தட்ட ஊர் முழுக்க வேலையிழந்தது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு குழுவோடு அங்கே போய் மாதக்கணக்கில் கவனித்து 1933இல் அதை வெளியிட்டார்கள். இவ்வளவு ஓய்வு நேரம் கிடைத்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது, அதுவும் இரவல் கட்டணத்தை ரத்து செய்த பிறகு. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிறவர்களைக் கவனித்தபோது, ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அங்கங்கே நின்று நின்று போனார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள், ஏனென்றால் ஆலை மூடினாலும் அடுப்பும் துவையலும் மூடவில்லை. நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னபோது ஆண்களால் நிரப்ப முடியவில்லை. எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது ஞாபகம் இருக்கிறது. நடுவில் இருந்த மணிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஒருவர் எழுதிய வரி அந்த ஆய்வைப் படித்தவர்கள் யாருக்கும் மறக்காது: அதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது.

அவர்களுடைய வறுமை உங்களுக்கு இல்லை, அதனால் இரண்டையும் சமமாக வைக்கவில்லை. ஆனால் பொழுது கைநழுவிப் போகிற விதம் அப்படியே நீங்கள் எழுதியதுதான். வேலை சம்பளத்தை மட்டும் தரவில்லை, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும், யார் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்காமலே தந்துகொண்டிருந்தது. அது போனதும் நேரம் பெருகவில்லை, குழம்பிவிட்டது. இதில் உங்கள் குணத்தைப் பழிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு சமாதானமும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கையில் லேசாக ஷாக் வைக்கும் விளையாட்டு ஒன்றை ஆட வைத்தார்கள். ஷாக் கட்டாயம் விழும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, விழவும் விழாமல் போகவும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. கெட்ட செய்தியைக்கூட உடம்பு தாங்கும். தெரியாமல் இருப்பதுதான் ஆளை அரிக்கிறது.

சரி, அர்த்தம். பழைய சமூகங்களின் சடங்குகளை ஒப்பிட்டு ஆர்னால்ட் வான் ஜெனப் என்ற மானிடவியலாளர் 1909இல் ஒன்றைக் கவனித்தார். பருவமடைவது, கல்யாணம், சாவு எதுவானாலும் மூன்று கட்டம் இருக்கிறது: பழைய நிலையிலிருந்து பிரிப்பது, நடுவில் எங்கேயும் சேராமல் வைப்பது, புதிய நிலையில் சேர்ப்பது. நடுக்கட்டத்தில் இருக்கும் ஆள் இரண்டுங்கெட்டான்தான், உங்களைப் போல. ஆனால் அவனுக்கு இரண்டு வசதிகள் இருந்தன. இது எப்போது முடியும் என்று அவனைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்புறம், ஏற்கெனவே அதைக் கடந்துவந்த பெரியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். நம் காலத்தில் வேலை போனவனுக்கு நடுக்கட்டம் மட்டும் அப்படியே கிடைக்கிறது, முடிவு தேதியும் இல்லை, கூட நிற்க ஆளும் இல்லை, அதற்குப் பதில் "உங்களை நீங்களே தெரிந்துகொள்ளுங்கள்" என்று ஒரு வாக்கியத்தைக் கையில் திணித்துவிட்டுப் போகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் "வேலை போனதுதான் எனக்கு நடந்த பெரிய நல்லது" என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் அடுத்த வேலை அமைந்த பிறகே சொல்கிறார்கள். அர்த்தம் அப்படிப் பின்னால் சேருகிற சமாச்சாரம். நடுவில் நின்றுகொண்டு அதைத் தேடினால் கிடைக்காது, கிடைக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். வளர்கிறேனா தேய்கிறேனா என்ற கணக்கையும் இப்போதைக்கு ஒத்திவைத்துவிடுங்கள். ஒரு கஷ்டத்தில் மாட்டிய ஒவ்வொருவரும் அதிலிருந்து மேம்பட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்ற இந்தக் காலத்து எதிர்பார்ப்பு எனக்குக் கொஞ்சம் கொடூரமாகவே படுகிறது. சிலர் பிழைத்து வருகிறார்கள், அவ்வளவுதான். அதுவும் போதும்.

அதனால் அந்த இரண்டு வசதிகளை நீங்களே ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு தேதி குறியுங்கள். அதுவரை முடிவெடுக்க வேண்டாம், அன்றைக்கு எடுத்தே ஆக வேண்டும். தேதி நெருங்கும்போது மாற்றத் தோன்றும், ஒரு முறை மாற்றலாம், இரண்டாம் முறை கூடாது. இதே போல நடுவயதில் துறை மாறிய ஒருவரைத் தேடிப் பிடித்து, அறிவுரை கேட்காமல், அந்த மாதங்களில் அவருடைய சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது என்று கேளுங்கள்.

ஆசிரியர் வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பதை யோசித்து யோசித்துத் தெரிந்துகொள்ளவே முடியாது. ஐந்து மாதமாக அதைத்தான் செய்திருக்கிறீர்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு வாரம் இரண்டு சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆறில் ஒன்று ஏன் நாலில் ஒன்றைவிடச் சின்னது, ஆறுதானே பெரிய எண் என்று அது கேட்கும். மூன்று முறை விளக்கியும் புரியாமல் உங்கள் முகத்தையே பார்க்கும். அந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை வேறு ஒரு வழியில் சொல்லிப் பார்க்கலாமே என்று கை தானாகக் காகிதத்தை இழுத்து மடிக்க ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். மடிக்க ஆரம்பித்தால் விண்ணப்பத்தை வாங்கிவிடுங்கள். எரிச்சல் வந்தாலும் நஷ்டமில்லை, ஒரு கேள்வி தீர்ந்தது. எப்படியும் அந்த இரண்டு சாயங்காலம் உங்களுக்காக ஒருவர் காத்திருப்பார், வாரத்துக்கு அதுவே ஒரு முதுகெலும்பு.

எழுதுவதையும் சொல்லிவிடுகிறேன். வேலையிழந்த 63 பேரை வைத்து 1994இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் ஐந்து நாள், தினம் 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனசில் இருப்பதை மூடி மறைக்காமல் எழுதினார்கள். மற்றவர்களைவிட இவர்களுக்கு அடுத்த வேலை சீக்கிரம் கிடைத்தது, இத்தனைக்கும் இவர்கள் கூடுதலாக அலைந்து தேடியதாகத் தெரியவில்லை. கோபம் காகிதத்தில் இறங்கிவிட்டதால் நேர்காணலில் அது தலைகாட்டவில்லை என்பது ஒரு விளக்கம். ஒரே ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் ஐந்து நாள் எழுதிப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? யாரிடமும் காட்ட வேண்டாம், எனக்கும் அனுப்ப வேண்டாம்.

"இப்போ என்ன பண்றீங்க?" என்று கேட்பவர்களிடம் குறித்த தேதியைச் சொல்லி, "அதற்கப்புறம் சொல்கிறேன்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். மேற்கொண்டு துருவுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய மகனோ மகளோ என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள், மீதி நேரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.