உளுந்தங்களி, எள்ளுருண்டை, ராத்திரி வேர்வை

(செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கம் 31 ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாசகியரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு வயது 49. மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கழுத்திலிருந்து குப்பென்று சூடு ஏறி, ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். நாட்டு மருந்துக் கடையில் தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, அதிமதுரம் கலந்த பொடி கொடுத்தார்கள். சாப்பிடலாமா? சாப்பாட்டிலேயே சரிசெய்ய வழி இருக்கிறதா?
– வாசகி, மேலூர்

பதில்: தங்கச்சி, அந்தப் பொடியை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். தண்ணீர்விட்டான் கிழங்கு சித்த மருத்துவத்தில் பெண்களுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் மருந்துதான். கூடச் சேர்ந்திருக்கிற இரண்டும்தான் எனக்கு உறுத்துகிறது. அமுக்கரா தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடியது. நீங்களோ ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர். சிலருக்கு அது கல்லீரலைப் பாதித்ததும் உண்டு. அதிமதுரத்தைத் தினமும் வாரக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். எந்தச் சரக்கு எத்தனை கிராம் என்று எழுதாத பொட்டலத்தை நம்பி இறங்க வேண்டாம். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. தைராய்டு மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று, அந்த மாத்திரையின் அளவு கூடிப்போனாலும் இதே மாதிரி வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். ரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். வேர்வையோடு விடாத இருமலும் எடைக்குறைவும் இருந்தால், காசநோயா என்று பார்க்கச் சளிப் பரிசோதனையும் வேண்டும்.

மாதவிலக்கு நிற்கப்போகிற சமயத்தில் வருகிற இந்தச் சூடும் வேர்வையும் எனக்கு 48 வயதில் வந்தது. சித்திரை மாதம், உசிலம்பட்டி பஸ்ஸில் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, நெற்றிப்பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது. பக்கத்தில் இருந்தவர் வெக்கை என்றுதான் நினைத்தார். எனக்குத் தெரிந்தது, இது உள்ளேயிருந்து வருகிற வெக்கை என்று. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதி சின்ன ஏற்றத்தைக்கூடத் தாங்காது. உடனே தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி வேர்க்க வைத்துவிடும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். வேர்வையைக் குறைக்கும் என்று கொஞ்சமாவது ஆதாரம் இருப்பது சோயாவுக்குத்தான். அதில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி லேசாக வேலை செய்கிற பொருள் இருக்கிறது. மீல் மேக்கர் குழம்போ சோயா சுண்டலோ வாரத்தில் மூன்று நான்கு நாள் சேர்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். சிலருக்குக் குறையும், சிலருக்கு ஒன்றும் ஆகாது. தைராய்டு மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் கழித்தே சோயா சாப்பிடுங்கள். இல்லாவிட்டால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ஹார்மோன் மாதிரி வேலை செய்யும் மூலிகைப் பொடிகளை டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

உளுந்தங்களி கேட்டு நிறையக் கடிதம் வருகிறது. பெரிய மனுஷியான பிள்ளைக்கு நம் ஊரில் கிண்டிக் கொடுக்கிற அதே களிதான். தோல் உளுந்து நாலு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. வாசம் வரும்வரை வறுத்து, ஆறவைத்து அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக்கொண்டே கிண்ட வேண்டும். முதலில் பிடிவாதமாக அடியில் ஒட்டும். நல்லெண்ணெயைக் கரண்டி கரண்டியாக விடவிட, சட்டியை விட்டுத் திரண்டு வரும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இந்தக் களி வேர்வையை நிறுத்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தசைக்கு வேண்டிய புரதத்துக்காகத்தான் சாப்பிடச் சொல்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் இதையே உப்புப் போட்டுக் கிண்டிக்கொள்ளுங்கள். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். எள்ளில் அதைப்போல மூன்று மடங்கு. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் முருங்கைக்கீரை, மோர், சாயங்காலம் ஓர் எள்ளுருண்டை என்று வைத்துக்கொண்டால் பெரும்பங்கு சேர்ந்துவிடும். காலை வெயிலில் கொஞ்சம் நடங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். காரக்குழம்பை மத்தியானத்தோடு நிறுத்துங்கள். நைலான் நைட்டியை ஒதுக்கிவிட்டு, துவைத்துத் துவைத்து நைந்த பழைய சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு படுங்கள். எனக்கு எந்தப் பொடியையும்விட அதுதான் தூக்கம் கொடுத்தது. இதையெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். ஹார்மோன் சிகிச்சை என்றதும் பயந்து ஓடாதீர்கள். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

கேள்வி: வயது 54. நின்று மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு வாரமாகத் துளித்துளியாகப் படுகிறது. சூடு என்று சொல்லி மாமியார் வெந்தயமும் கற்றாழையும் தருகிறார். தொடரலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: கூடாது தாயி. இந்த வாரமே டாக்டரிடம் போய்விடுங்கள். முழுசாக 12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது சூடு இல்லை. பல பேருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் தன்னை முதலில் காட்டிக்கொள்வதும் இப்படித்தான். ஸ்கேனில் உள்சுவரின் தடிமன் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் கொஞ்சம் திசு எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

என் பகுதியில் ஒரு அக்கா எட்டு மாதம் வாழைப்பூச் சாறு குடித்துக்கொண்டே களைபறிக்கப் போனார். நான் மாதா மாதம் அந்தத் தெருவுக்குப் போகிறவள். என்னிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டார். நானும் கேட்கவில்லை. அது இன்னும் எனக்குள் இருக்கிறது. அதனால்தான் அதற்கப்புறம் 45 தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் நானே வாயைத் திறந்து கேட்க ஆரம்பித்தேன். உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டே போங்கள், அவர் அக்கறையில்தான் தருகிறார்.

கேள்வி: வெளியில் சொல்ல முடியாத பிரச்சினை. அந்த இடம் வறண்டு, வீட்டுக்காரரோடு சேரும்போது வலிக்கிறது. சிறுநீரும் எரிகிறது. இதற்கு என்ன சாப்பிடுவது?
– பெயர் வேண்டாம், திருப்பரங்குன்றம்

பதில்: எழுதினீர்களே, அதுவே நல்லது. உங்களை மாதிரி ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். இதற்குச் சாப்பாட்டில் பெரிதாக வழி இல்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்தத் தோல் மெலிந்துபோவதால் வருவது இது. மருந்துக் கடையில் கிடைக்கிற, தண்ணீர் சேர்ந்த வழவழப்பு ஜெல்லை சேரும்போது பயன்படுத்துங்கள். அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள். வெந்தய விழுது, மஞ்சள் என்று எதையும் உள்ளே வைக்கக் கூடாது. அப்படியும் வறட்சி தீராவிட்டால், உள்ளே தடவுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் இருக்கிறது, டாக்டர் எழுதித் தருவார். எரிச்சலுக்கு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். கிருமி இருந்தால் மாத்திரையில் சரியாகிவிடும். வீட்டுக்காரரிடம் வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நீங்கள் ஒதுங்கினால், அவர் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்.