பட்டியலில் இல்லாத சம்பளம்

வணக்கம் அக்கா,

ஒன்ராறியோவின் ஓர்ஞ்ச் விமான அம்புலன்ஸ் சேவைத் தலைவரின் சம்பளத்தைச் சட்டமன்றக் குழு விசாரித்தது பற்றிப் போன கிழமை நீங்கள் எழுதிய குறிப்பை வாசித்தேன். நான் ஸ்காபரோவில் ஒரு வைத்தியசாலையில் பிஎஸ்டபிள்யூவாக (நோயாளிகளைப் பராமரிக்கும் உதவியாளராக) வேலை செய்கிறேன். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும், பொதுத்துறையில் பெரிய சம்பளம் வாங்குகிறவர்களின் பெயர் வரும் சன்ஷைன் பட்டியல் வந்தவுடன் எங்கள் இடைவேளை அறையில் எல்லாரும் போனைத் திறந்து மேலதிகாரிகளின் பெயர்களைத் தேடுவோம். கொஞ்ச நேரம் வயிறெரியும். பிறகு வேலைக்குத் திரும்பிவிடுவோம்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பெரிய இடத்தை நடத்துகிறவருக்குப் பெரிய சம்பளம் கொடுத்தால்தானே கெட்டிக்காரர் வருவார்? அதைத் தீர்மானிப்பது பணிப்பாளர் சபையின் வேலை. அதற்குள் சட்டமன்ற உறுப்பினர்கள் குழு போட்டு விசாரிப்பது டிவிக்கான நாடகம் போலத்தான் எனக்குப் படுகிறது. அப்படி விசாரித்து எங்களைப் போன்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

க., ஸ்காபரோ

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் அதை வயிறெரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நம்முடைய வரியில் நடக்கிற இடத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பது உரிமை. 1996-இல் ஒன்ராறியோவில் மைக் ஹாரிஸ் அரசு சன்ஷைன் பட்டியலுக்கான சட்டத்தைக் கொண்டுவந்ததே அதற்காகத்தான்: பொதுத்துறையில் ஆண்டுக்கு 100,000 டொலரோ அதற்கு மேலோ வாங்குகிறவரின் பெயரும் தொகையும் வெளியே வர வேண்டும்.

ஓர்ஞ்ச் கதையில் நடந்தது என்னவென்றால், அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பெயர் காணாமல் போனது. கிறிஸ் மாசா அவசர சிகிச்சை வைத்தியர். ஒன்ராறியோவின் விமான அம்புலன்ஸ் சேவையைக் கட்டியெழுப்பியவர். ஆண்டுக்குச் சுமார் 150 மில்லியன் டொலர் மாகாண அரசிடமிருந்து வந்தது. ஓர்ஞ்ச் இலாப நோக்கற்ற அமைப்பு என்றாலும், அதைச் சுற்றி இலாப நோக்குள்ள கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிவாகின. மாசாவின் சம்பளம் அந்தப் பக்கத்துக்கு மாறியது. தனியார் கம்பனியின் சம்பளத்தை வெளியிட வேண்டியதில்லை என்று வாதாடினார்கள். 2011 டிசம்பரில் ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையின் கெவின் டொனவன் விடாமல் துருவியதில்தான் உண்மை வெளியே வந்தது: ஆண்டுக்கு 1.4 மில்லியன் டொலர். அதற்கு மேல் அவருக்குக் கொடுத்த கடன்கள் வேறு.

சரி, கெட்டிக்காரருக்குப் பெரிய சம்பளம் வேண்டும் என்கிறீர்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். 1.4 மில்லியன் நியாயமான தொகை என்று அந்தச் சபை உண்மையாகவே நம்பியிருந்தால், அதை வெளியே சொல்லி, ஏன் கொடுக்கிறோம் என்று விளக்கியிருக்கலாமே. மறைப்பதற்கு ஏன் இவ்வளவு கம்பனிகள்? நியாயப்படுத்த முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பணிப்பாளர் சபையை நம்பி விட்டுவிடலாம் என்கிற வாதம் எனக்கு அங்கேயே விழுந்துபோகிறது. இந்த ஏற்பாட்டுக்குக் கை தூக்கியது அந்தச் சபைதான். 2012 ஜனவரியில் சபையே மாற்றப்பட்டது. பெப்ரவரியில் மாசா நீக்கப்பட்டார்.

ஆனால் சம்பளத்தோடு நின்றால் விஷயத்தின் பாதியைத்தான் பார்த்ததாகும். 2012 மார்ச்சில் கணக்காய்வாளர் நாயகம் ஜிம் மக்கார்ட்டரின் அறிக்கை வந்தது. ஓர்ஞ்சுக்கான நிதி சில ஆண்டுகளில் 20 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. விமானத்தில் கொண்டுசெல்லப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை 6 வீதம் குறைந்திருந்தது. மிசிசாகாவில் இருக்கிற தலைமையகத்தை 15 மில்லியன் டொலருக்கு வாங்கி, தங்களுடைய இன்னொரு கம்பனிக்கே கைமாற்றி, பிறகு அதே கட்டடத்துக்குச் சந்தை வாடகையை விடச் சுமார் 40 வீதம் கூடுதலாக வாடகை கட்டினார்கள். இந்தப் பக்கக் கம்பனிகளின் ஏடுகளைப் பார்க்கக் கேட்ட கணக்காய்வாளரையே உள்ளே விடவில்லை. நினைத்துப் பாருங்கள்: சட்டமன்றத்தின் சார்பில் கணக்குப் பார்க்க நியமிக்கப்பட்டவருக்கே கதவு சாத்தப்பட்டது.

இன்னொன்று, உங்கள் வேலைக்குக் கிட்டிய விஷயம். புதிதாக வாங்கிய ஏடபிள்யூ139 ஹெலிகொப்டர்களின் உட்புறத்தை ஓர்ஞ்ச் தன் விருப்பப்படி அமைக்கச் சொன்னது. ஸ்ட்ரெச்சரை உயர்த்தினால் நோயாளிக்கும் கூரைக்கும் நடுவில் இடம் இல்லை. நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுக்க வேண்டிய பரமெடிக்கால் கையை நேராக ஊன்ற முடியாத நிலை. நோயாளியைத் தூக்கிப் புரட்டுகிற உங்களுக்கு அது என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. மேலே பணம் எங்கே போகிறது என்று யாரும் கேட்காத இடத்தில், கீழே வேலை செய்கிறவர் ‘இது சரிவராது’ என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. நான் சம்பளக் கேள்வியை இவ்வளவு பிடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த நாடகம். 2011 ஒக்டோபர் தேர்தலில் ஆட்சியிலிருந்த லிபரல் கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதனால் அரசுச் செலவை ஆராயும் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவில் எதிர்க்கட்சிகளின் கை ஓங்கியிருந்தது. சுகாதார அமைச்சர் டெப் மத்தியூஸை மடக்குவதில் அவர்களுக்குப் பெரிய ஆர்வம். அரசியல் இருந்தது, நிச்சயமாக இருந்தது. ஆனால் குழுவில் எதிர்க்கட்சிகளின் கை அப்படி ஓங்கியிராவிட்டால் மாசா அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தே இருக்கமாட்டார். சபாநாயகரின் பிடியாணையோடுதான் 2012 ஜூலையில் அவர் வந்தார். அதே குழுவின் முன்னால்தான் பரமெடிக்குகளும் பேசினார்கள். வேலையிடத்தில் வாய் திறக்கப் பயந்தவர்களுக்கு அங்கே ஒரு பாதுகாப்பு இருக்கிறது: சட்டமன்றக் குழுவில் சாட்சி சொன்னதற்காக ஒருவர் மேல் அவதூறு வழக்குப் போட முடியாது. எந்தப் பணிப்பாளர் சபையும் தன் ஊழியருக்கு இந்தப் பாதுகாப்பைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சம்பளத்தில் சட்டமன்றம் தலையிடக் கூடாது என்று நீங்கள் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் உங்கள் சம்பளத்தில் அது தயக்கமில்லாமல் தலையிட்டது. 2019-இல் வந்த சட்டமூலம் 124 நினைவிருக்கிறதா? வைத்தியசாலை ஊழியர்கள், தாதிமார், ஆசிரியர்கள் எல்லாருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 1 வீதம், அதற்கு மேல் இல்லை. கொவிட் வந்து, முகக்கவசத் தழும்போடு நீங்கள் எல்லாரும் வேலை செய்த காலம் முழுக்க அந்தச் சட்டம்தான் இருந்தது. 2022-இல் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது, 2024-இல் மேல்நீதிமன்றமும் அதன் பெரும்பகுதியை உறுதிசெய்தது, அதற்குப் பிறகுதான் கைவிட்டார்கள். கட்டிலைத் தள்ளுகிறவருக்கு எவ்வளவு என்று சட்டம் போடலாம், அந்தக் கட்டடத்தை நடத்துகிறவருக்கு எவ்வளவு என்று கேட்கக்கூட முடியாது என்றால், அதை நான் ஏற்கமாட்டேன். 2018-இல் மேல்மட்டச் சம்பளத்தையும் உறையவைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். குழுவால் யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. அது அதன் வேலையும் இல்லை. ஆனால் 2014 கடைசியில் சட்டமூலம் 8 நிறைவேறியது. விமான அம்புலன்ஸ் சேவையில் அமைச்சர் நேரடியாகத் தலையிட வழி வந்தது. நோயாளிகளின் முறைப்பாட்டைக் கேட்க ஒரு ஒம்புட்ஸ்மன் அலுவலகம் வந்தது. வைத்தியசாலைகள், கல்லூரிகள் போன்ற இடங்களில் மேலதிகாரிகளின் சம்பளத்துக்கு வரையறை போட அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. பிறகு வந்த விதிகளின்படி, ஒத்த நிறுவனங்களோடு ஒப்பிட்டு அவை கொடுக்கும் சம்பளங்களின் வரிசையில் நடுவிலுள்ள தொகையைத் தாண்டாமல் ஒரு திட்டம் வரைந்து, பொதுமக்களின் கருத்துக்கு முன்னால் வைக்க வேண்டியிருந்தது. 2017-இல் கல்லூரிகள் தங்கள் தலைவர்களுக்குப் பெரிய உயர்வு கேட்டு அப்படித் திட்டம் வைத்தபோது ஊர் கொதித்தது. திரும்ப எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அமைச்சர் அனுப்பிவிட்டார். அப்போது உயர்கல்வி அமைச்சர் யார் தெரியுமா? அதே டெப் மத்தியூஸ்.

இப்போது உங்கள் இடைவேளை அறைப் பட்டியலுக்கு வருகிறேன். அதில் முதலில் வந்த பெயர்கள் சுமார் 4,500. இன்று 3 இலட்சத்துக்கும் மேல். 100,000 என்கிற எல்லை 1996-இலிருந்து அசையவே இல்லை. அதனால் இரண்டு ஷிஃப்ட் அடிக்கிற தாதியும் அதில் இருக்கிறார், ஆசிரியரும் இருக்கிறார். இவ்வளவு பெயருக்குள் யாரைத் தேடுவது? விலைவாசிக்கு ஏற்ப அந்த எல்லையை உயர்த்த வேண்டும் என்பது என் நிலைப்பாடு. கூடவே, பொதுப்பணம் எந்தக் கம்பனிக்குள் போனாலும் வெளிப்படுத்தும் கடமையும் பின்னாலேயே போக வேண்டும். இப்போது முதலாவதைப் பற்றியாவது பேச்சு வருகிறது. இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

உங்கள் வார்டிலேயே உதாரணம் இருக்கும். ஆள் பற்றாக்குறைக்குத் தனியார் முகவர் நிறுவனங்களிலிருந்து தாதிமாரையும் பிஎஸ்டபிள்யூக்களையும் வைத்தியசாலைகள் கூப்பிடுகின்றன. கட்டுவது பொதுப்பணம். அந்த நிறுவனத்தை நடத்துகிறவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது எந்தச் சன்ஷைன் பட்டியலிலும் வராது. மணிக்கு வைத்தியசாலை கொடுப்பது எவ்வளவு, அதில் வேலை செய்கிறவர் கைக்குப் போவது எவ்வளவு? இதை உங்கள் தொகுதியின் மாகாண சட்டமன்ற உறுப்பினரிடம் (எம்பிபி) எழுத்தில் கேளுங்கள், அவருடைய கட்சி எதுவானாலும் பரவாயில்லை. பொதுக் கணக்குக் குழுவில் இதை எழுப்பச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன், வராவிட்டால் வரவில்லை என்பதையும் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா