வீட்டில் நண்பர்களோடு போக்கர் ஆட எத்தனை சிப் வாங்கணும்? எந்த நிறத்துக்கு என்ன மதிப்பு வைக்கணும்?

எட்டுப் பேர் வரைக்கும் என்றால் 500 சிப் உள்ள ஒரு பெட்டி தாராளம். எண் அச்சிடாததாக வாங்குங்கள். காசு ஆட்டம் (சிப்பை எப்போது வேண்டுமானாலும் காசாக்கிக்கொண்டு கிளம்பலாம்), டோர்னமென்ட் (கடைசிவரை தாக்குப்பிடிப்பவர்களுக்குப் பரிசு) இரண்டுக்கும் அதே பெட்டி உதவும். "14 கிராம், கேசினோ தரம்" என்ற விளம்பரத்துக்கு மயங்காதீர்கள். உள்ளே உலோகத் தகடு வைத்து ஏற்றிய எடை அது. கேசினோவில் புழங்கும் களிமண் கலவை சிப் சுமார் 10 கிராம்தான் இருக்கும்.

நிறத்துக்குச் சட்டமெல்லாம் கிடையாது. அமெரிக்க கேசினோக்களில் பெரும்பாலும் சிவப்பு 5 டாலர், பச்சை 25, கறுப்பு 100. டல்லாஸ் பக்கம் நாங்கள் ஆடுவது சில்லறை ஆட்டம்: வெள்ளை 25 சென்ட், சிவப்பு 1 டாலர், பச்சை 5 டாலர். 40 டாலர் கொடுப்பவருக்கு வெள்ளை 16, சிவப்பு 16, பச்சை 4. பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே இரண்டு பேர் முறைவைத்துக் கட்டாயம் வைக்கும் பந்தயம்) 25-50 சென்ட். பெரிய சிப்பாகக் கொடுத்தால் ராத்திரி முழுக்கச் சில்லறை மாற்றத்தான் நேரம் இருக்கும்.

"ஊரைக் கெடுக்கிறாயா" என்று கிளம்பி வருகிறவர்களுக்கு: டெக்சாஸில் தனி வீட்டில், எல்லாருக்கும் சம வாய்ப்போடு ஆடினால், ஜெயித்த காசைத் தவிர யாரும் லாபம் பார்க்காத வரை சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் நான் பீட்சா காசைக்கூடத் தனியாகத்தான் வசூலிப்பேன்.

இப்போது டோர்னமென்ட். இதற்காகத்தான் பதிலே எழுத உட்கார்ந்தேன். தலைக்கு 20 டாலர், ஆளுக்கு 5,000 மதிப்புக்குச் சிப்: வெள்ளை (25) எட்டு, சிவப்பு (100) எட்டு, நீலம் (500) நான்கு, பச்சை (1,000) இரண்டு. பிளைண்ட் 25-50இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ஒருவர் 10,000 சேர்த்திருந்தார். வீட்டிலிருந்து போன் வந்ததும் எழுந்து, "ப்ரோ, 5,000க்கு 20ன்னா எனக்கு 40 வரணும், குடுங்க, கிளம்புறேன்" என்றார்.

கொடுக்கவில்லை. ஈவிரக்கம் இல்லையா என்பீர்கள். அந்த 40 யார் பணம்? முதல் பரிசு 110, இரண்டாம் பரிசு 50 என்று ஆரம்பத்திலேயே சொன்ன தொகையில் கை வைக்க நான் யார்? டோர்னமென்ட் சிப் வெறும் புள்ளிக்கணக்கு. வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்டில் 10,000 டாலர் கட்டினால் 60,000 சிப் தருகிறார்கள். அதைக் கொண்டுபோய் கவுன்டரில் காசாக்க முடியாது. ஆள் போனாலும் சிப் மேஜையில் இருக்கும், பிளைண்டில் கரையும். இதையும் முன்பே சொல்லியிருந்தேன். ஆனாலும் இன்றுவரை அவர், கோவில் அன்னதான வரிசையில்கூட, நான் 40 டாலரை அமுக்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டோர்னமென்டில் பிளைண்ட் 75-150 ஆக இருக்கும் சுற்று முடிந்ததும் வெள்ளைக்கு வேலை இல்லை. நான்கு வெள்ளைக்கு ஒரு சிவப்பாக மாற்றிவிடுங்கள். மிச்சம் ஒன்றிரண்டு இருந்தால் முறைப்படி சீட்டுப் போட்டு, பெரிய சீட்டு வந்தவருக்குக் கொடுப்பார்கள்; வீட்டில் எல்லாருக்கும் ஒரு சிவப்பாகக் கூட்டிக் கொடுத்தால் சண்டை வராது.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். முறுக்கு தின்ற கையோடு சிப்பைத் தொடுகிறவர்களை என்ன செய்வது? டிஷ்யூ பேப்பரைப் பக்கத்திலேயே வைத்தாலும் பேண்டில்தான் துடைக்கிறார்கள். மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கோடு உட்காருவது நான். ஸ்டிக்கர் ஒட்டிய சிப்பைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், ஸ்டிக்கர் உரிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும்.