கேளுங்கள் சொல்கிறேன்: ஓடையில் இறங்கப் போகும் மகளுக்கு

கேள்வி: நான் விலங்கியல் இறுதி வருட மாணவி. கொத்மலை ஓயாவில் வந்து சேரும் சிற்றோடைகளில் நீர்ப்பூச்சிகளைக் கணக்கெடுப்பதுதான் என் ஆய்வு. ஒக்டோபரில் தொடங்க வேண்டும். “புலி நடமாடுற மலையில பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை?” என்று அம்மா தடுக்கிறார். புலி, பாம்பிலிருந்து எப்படித் தப்புவது? தனியாகப் போகலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: தனியாகப் போக வேண்டாம், மகள். அதில் அம்மா பக்கம்தான் நான். ஆனால் நாங்கள் புலி என்று சொல்லும் சிறுத்தையைப் பட்டியலின் கடைசியில் போடுங்கள். அது மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற பிராணி. பொழுது சாயுமுன் மலையை விட்டு இறங்கிவிடுங்கள், அது போதும். அதைவிடப் பயப்பட வேண்டியது பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிக்கு. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படியொரு கம்பியில் சிக்கித்தான் செத்தது. கம்பிக்கு உங்கள் காலும் ஒன்றுதான். சிக்கிய மிருகம் எதையாவது கண்டால் கிட்டப் போகாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘ஒக்டோபர்’ தான். இடைப்பருவ மழைக்காலம் அது. காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், பிற்பகலில் இடி முழங்கும். நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு துளி விழாமலே, மேலே பெய்த மழை ஓடையில் இறங்கி வந்துவிடும். தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் உடனே மேட்டில் ஏறுங்கள். வலை போனால் போகட்டும், பேராசிரியர் வேறு வாங்கித் தருவார். மாதிரி எடுப்பதை நண்பகலுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மேல் கொத்மலை அணைக்குக் கீழே இடம் தெரிவு செய்யாதீர்கள். வான்கதவு திறந்தால், மழையே இல்லாத நாளிலும் ஆறு பெருகும்.

மண்சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் முதற்கட்டம், 100 என்றால் இரண்டாவது, 150ஐத் தொட்டால் வெளியேறச் சொல்வார்கள். உங்கள் வேலைக்கு முதற்கட்டமே போதும், அன்றைக்கு வீட்டில் இருங்கள். மழை விட்ட மறுநாளும் சரிவுக்குப் போகாதீர்கள், ஊறிய மண் உடனே இறுகாது. தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று இவற்றைக் கண்டால் படம் எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி லயன் வீடுகளோடு ஆட்கள் புதைந்ததும் இதே பருவத்தில்தான்.

அடுத்தது குளவி. அது உங்கள் ஆய்வுக் கையேட்டில் இருக்காது, ஆனால் ஓடைக்குப் போகும் வழியிலுள்ள தேயிலைத் தோட்டத்தில் உயிரைக் குடிப்பது அதுதான். நாம் பொதுவாகக் குளவி என்று சொல்வதில் மலைத்தேனீயும் அடக்கம். பாறை விளிம்பிலும் உயர்ந்த டர்பன்டைன் மரத்திலும் கூடு தொங்கும். பருந்து கூட்டைக் கலைத்துவிட்டால் கீழே நிற்பவர் பாடு அவ்வளவுதான். கலைந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், தண்ணீரில் குதிக்காதீர்கள். கொடுக்குத் தோலில் நின்றால் நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சு இறுகினாலோ, நிறையக் கொட்டினாலோ நேரே ஆஸ்பத்திரி.

கூடு எந்த மரத்தில் என்று யாருக்குத் தெரியும்? கொழுந்து பறிக்கும் அக்காமாருக்குத் தெரியும். என்னைக் கேட்டால் வரைபடத்தைவிட அவர்கள் முக்கியம். எந்த மலையில் மருந்து அடித்திருக்கிறது, எந்தக் கான் (வடிகால்) செடிக்குள் மறைந்து காலை முறிக்கும், எங்கே கம்பி கட்டியிருக்கிறது எல்லாம் சொல்வார்கள். காலையில் மலையேறுமுன் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். தோட்ட முகாமையாளரான துரையிடம் கடிதம் வாங்கினால் சட்டப்படி சரி, ஆனால் கூடு எங்கே என்று துரைக்குத் தெரியாது. திரும்பும் நேரத்தையும் அவர்களிடமே சொல்லுங்கள், வராவிட்டால் தேடி வரப்போவது அவர்கள்தான்.

நீங்கள் நிற்கும் தேயிலை மலையின் நம்பரையும் தோட்டப் பிரிவான டிவிஷனின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் தேயிலைக்குள் ஏறி வராது. ஆள் எங்கே கிடக்கிறார் என்று கேட்டால் ‘ஐந்தாம் நம்பர் மலை, கீழ் ரோட்டு’ என்று சொன்னால்தான் தோட்டத்தில் எவருக்கும் விளங்கும்.

பாம்புக்கு வருவோம். இங்கே கவனிக்க வேண்டியது கூன்மூக்கு விரியன், சிங்களத்தில் குணகட்டுவா. சருகில் சருகாகவே கிடக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய விஷமுறி மருந்து நாகம், கண்ணாடி விரியன் போன்றவற்றுக்கானது, இதற்குப் பயன்படாது. அதனால்தான் ஆஸ்பத்திரிக்குப் போவது இன்னும் அவசியம். சிறுநீரகத்தையும் இரத்தம் உறைவதையும் அங்கேதான் கவனிக்க முடியும். கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் அதுதான் காவல். காலில் காயம் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.

கேள்வி: உயர்தர மாணவர்களை நக்கிள்ஸ் காட்டுக்குக் களப்பயணம் கூட்டிப்போகிறேன். அட்டைக்கு உப்பா, நெருப்பா?
– ஆசிரியர், மாத்தளை

பதில்: இரண்டும் வேண்டாம் சேர். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையைச் சுட்டால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்துத் தள்ளுங்கள், விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அழுத்திப் பிடித்தால் போதும், பிள்ளைகள் பதறத் தேவையில்லை. களிசான் காலைச் சொக்ஸுக்குள் செருகி, மேலே சவுக்காரத்தைத் தேய்த்துவிடுங்கள். மழையில் கரைந்துபோகும், திரும்பவும் தேய்க்க வேண்டும். வன இலாகா அனுமதியை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.