கணினிக் கேள்வி பதில்: இரைகிற கிரபிக்ஸ் காட்

கேள்வி: செகண்ட்ஹாண்டாக வாங்கிய ஜிடிஎக்ஸ் 1060 காட் பாவிக்கிறேன். கேம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அதன் இரண்டு ஃபான்களும் இரையத் தொடங்கிவிடும். பக்கத்து அறையில் படுக்கும் அம்மம்மா, "உழவு மெசினை வீட்டுக்குள்ளேயா விட்டிருக்கிறாய்?" என்று கேட்கிறா. சத்தம் குறைந்த வேறு கூலர் போடலாமா?
- மாணவன், கொக்குவில்

பதில்: போடலாம் தம்பி. காசை எடுக்கமுன் அது என்ன சத்தம் என்று பாரும். கேம் ஓடும்போது ஃபானின் நடு வட்டத்தை விரலால் ஒரு கணம் அழுத்தி நிற்பாட்டும். இதழில் விரல் வைக்க வேண்டாம். சத்தம் நின்றால் ஃபான்தான் காரணம். நிற்காமல் மெல்லிதாகக் 'கீ' என்று கேட்டால், கிரபிக்ஸ் காட்டிலுள்ள கொயில்கள் (கம்பிச் சுருள்கள்) அதிர்கின்றன. அதற்கு எந்தக் கூலரும் மருந்தல்ல. ஃபிரேம் ரேட்டை (செக்கனுக்கு எத்தனை படம் என்ற கணக்கை) 60க்கு மட்டுப்படுத்தினால் பெரும்பாலும் அடங்கும்.

உமது காட் வகை வந்தது 2016 இல். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் (சூட்டை வாங்கி வெளிவிடும் உலோகத் தகடுகள்) இடையில் சூடு கடத்த முதலில் பூசிய பேஸ்ட் இன்னும் உள்ளே இருந்தால் காய்ந்து உதிர்கிற நிலையில் இருக்கும். ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி. சூடு வெளியேற வழியில்லாவிட்டால் ஃபான் வேகமாகத்தான் சுற்றும், சுற்றினால் இரையும். தூசியை ஊதி (ஊதும்போது ஃபானைப் பிடித்துக்கொள்ளும்), புதுப் பேஸ்ட் பூசிப் பாரும். என்னிடம் வருகிற காட்களில் அநேகமானவை இதோடேயே அடங்கிவிடும்.

அடங்காவிட்டால்தான் கூலர். ஆர்க்டிக் அக்செலெரோ, ராயின்டெக் மோர்ஃபியஸ் என்று பெயர்போன கூலர்கள் உண்டு. நல்ல சாமான்கள்தான், ஆனால் கஸ்தூரியார் வீதிக் கடைகளில் நான் கண்டதில்லை. கொழும்பு யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தாலும் காட்டின் துளை இடைவெளி பொருந்த வேண்டும், கேசிங்கில் இடம் வேண்டும். அக்செலெரோ எக்ஸ்ட்ரீம் 3 மட்டும் 288 மில்லிமீற்றர் நீளம். மெமரி சிப்களுக்கும் மின்சாரப் பகுதிக்கும் சின்னச் சின்ன ஹீட்சிங்குகளைத் தனியே ஒட்டவும் வேண்டும். 120 வாட் காட் ஒன்றுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் எண்ணம்.

உமக்கு நான் சொல்வது இதுதான்: பிளாஸ்டிக் மூடியையும் பழைய ஃபான்களையும் கழற்றும். ஹீட்சிங்கை அப்படியே விட்டுவிடும், மெமரி சிப்களின் மேலுள்ள சூடு கடத்தும் மெத்தைகள் (பாட்கள்) குழம்பாது. அதன் மேல் 120 மில்லிமீற்றர் ஃபான் இரண்டைப் பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டும். வடிவில்லை, ஆனால் பெரிய இதழ் மெதுவாகச் சுற்றியே சின்ன ஃபான் வேகமாகத் தள்ளுகிற அளவு காற்றைத் தள்ளும். காட்டில் ஃபான் வயர் குத்தும் சொக்கற் சிறியது, அதற்கு அடப்டர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மதர்போட்டில் குத்தலாம். ஆனால் மதர்போட் வழமையாக சிபியூவின் சூட்டைப் பார்த்துத்தான் ஃபானை ஓட்டும். 'ஃபான் கொன்ட்ரோல்' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, காட்டின் சூட்டைப் பார்க்கும்படி மாற்றிவிடும்.

அப்புறம், ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (காட் இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவை) 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாரும். கேமில் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சித்திரை வெயிலில் அறையே 33 பாகை நிற்கும்போது காட் 75 பாகை காட்டினால் பயப்பட வேண்டாம். வேகத்தைக் குறைக்கத் தொடங்குவது 83 அளவில்தான்.

கேள்வி: கிறீச்சிடும் ஃபானுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
- குடும்பத்தலைவி, சாவகச்சேரி

பதில்: வேண்டாம் அக்கா. கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டிக்கரை உரித்து, உள்ளே துளை இருந்தால் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். அதுவும் தற்காலிகம்தான். தேய்ந்த பேரிங் திரும்ப வளராது, புது ஃபான் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றியே வைத்தால் சூடு குறையுமா?
- வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: குறையலாம், ஆனால் சத்தம் கூடக் கேட்கும். உங்கள் பக்கம் உப்புக் காற்று வேறு. பல்லி உள்ளே போய்ச் செத்து, ஷோட்டாகி என்னிடம் வந்த போட்களும் உண்டு. மூடியைப் போட்டுவிட்டு, பின்பக்கம் ஒரு ஃபான் பூட்டுங்கள்.