11 மாதச் சம்பளத்தில் 12 மாதம்

கேள்வி: பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு, விழுப்புரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 12,000 ரூபாய். பி.எட்.டுக்கு வாங்கிய 1,20,000 ரூபாய் கல்விக் கடனுக்கு அடுத்த மாதத்திலிருந்து தவணை. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) கோச்சிங் சென்டரில் 20,000 கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேரச் சொல்கிறார் அம்மா. ஒரிஜினல் சான்றிதழ்கள் பள்ளியில் இருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: முதல் விஷயம், உங்கள் சம்பளம் 12,000 இல்லை. முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,440 போய்க் கைக்கு வருவது 10,560. அப்புறம் மே மாதம் இருக்கிறது. கோடை விடுமுறைக்குச் சம்பளமே தராத தனியார் பள்ளிகள் உண்டு. ஜூனில் திரும்பி வந்தால்தான் தருவோம் என்கிற பள்ளிகளும் உண்டு. உங்கள் பள்ளியில் எப்படி என்று சீனியர் டீச்சர்களிடம் விசாரியுங்கள். 11 மாதம்தான் என்றால், 12 மாதத்துக்கும் பரப்பிப் பார்க்கும்போது மாதம் 9,680. இனி எல்லாக் கணக்கையும் இந்த எண்ணை வைத்துப் போடுங்கள்.

கடன் 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். 5 வருடத்தில் அடைத்தால் தவணை சுமார் 2,610. 10 வருடம் என்றால் 1,650, ஆனால் மொத்த வட்டி இரு மடங்கைத் தாண்டும். படித்த காலத்து வட்டி அசலோடு சேர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இருந்தாலும் உங்கள் நிலைமைக்கு நான் நீண்ட தவணையைத்தான் சொல்வேன். 9,680-ல் 2,610 போனால் ஒரு காய்ச்சல் வந்தாலே தவணை தவறும். தொடர்ந்து 90 நாள் நிலுவை நின்றால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர் அப்பா என்றால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) விழும். கையில் பணம் சேரும்போது கூடுதலாகக் கட்டி அசலைக் குறையுங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. முதல் தவணைக்கு முன்பே சம்பளச் சான்றோடு மேனேஜரைப் பாருங்கள். தவறிய பிறகு போனால் பேச்சே வேறு. (கல்விக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். இந்தச் சம்பளத்துக்கு வரியே வராது.)

நகை வேண்டாம். டெட் தேர்வுக்கு அடிப்படை பள்ளிப் பாடப்புத்தகங்கள்; அவை இணையத்தில் இலவசம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமில்லாத வகுப்பு நடக்கும். டெட் வகுப்பு எப்போது என்று கேளுங்கள். டெட் சான்றிதழ் இப்போது ஆயுளுக்கும் செல்லும். ஆனால் தமிழ்நாட்டில் அது மட்டும் இருந்தால் அரசு வேலை கிடைத்துவிடாது. 2018 அரசாணைப்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். வயது வரம்பை 2023-ல் பொதுப்பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியிருக்கிறார்கள். அவசரப்பட்டுக் கடன் வாங்க ஒரு காரணமும் இல்லை. போஸ்டிங் வாங்கித் தருகிறேன் என்று லட்சக் கணக்கில் கேட்டு யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கணக்கு டீச்சருக்கு ஒரு வசதி உண்டு. பத்தாம் வகுப்புக்குப் போகிற ஐந்தாறு பிள்ளைகளுக்கு மே மாதத்திலேயே வீட்டில் டியூஷன் தொடங்கினால் சம்பளமில்லாத மாத ஓட்டை பாதியாவது அடைபடும். உங்கள் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று நியமனக் கடிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் தயங்காதீர்கள். கல்விச் சான்றிதழ் பிணையாகப் பிடித்து வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. டெட் விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கையும் திறந்து பாருங்கள். பிடித்த 1,440 ஏறியிருக்கிறதா, பள்ளியின் பங்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பங்கையும் டீச்சர் சம்பளத்திலேயே பிடிக்கிற பள்ளிகள் உண்டு. அது சட்டப்படி தவறு.